மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கலாமா? கம்பம் வாழைத்தோப்பிலிருந்து ஃபுளோரிடா சதுப்புநிலம் வரை ஒரு கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் தோப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மலைப்பாம்பு ஒன்றும் புது விருந்தாளி கிடையாது. மேகமலை அடிவாரத்திலோ, சுருளிப் பக்கமோ, முல்லைப் பெரியாறு வாய்க்கால் ஓரத்திலோ, கோழிக்கூட்டுக்குப் பின்னாலோ சுருண்டு கிடக்கும். பார்த்தவர் சத்தம் போடுவார். தெருவே கூடிவிடும். பத்து செல்போன்கள் வெளியே வரும். அப்புறம் தீயணைப்புத் துறைக்கு போன். அவர்கள் வந்து பிடித்துச் சாக்கில் போட்டு வனத்துறையிடம் ஒப்படைக்க, பாம்பு காட்டுக்குத் திரும்பும்.

அதே தெருவில், திண்ணையில் போனோடு உட்கார்ந்திருக்கும் 24 வயது இளைஞர் ஒருவரின் ஸ்கிரீனில் வேறொரு மலைப்பாம்பு ஓடிக்கொண்டிருக்கலாம். மஞ்சளும் வெள்ளையும் கலந்த உடம்பு. அதைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு சிரிக்கும் ஒருவர். பின்னணியில் மாஸ் பிஜிஎம். கமெண்டில் வரிசையாக ஒரே கேள்விதான்: 'ப்ரோ, பிரைஸ்?'

2025 புத்தாண்டை ஒட்டி, தமிழ்நாட்டின் பிரபல யூடியூபர் ஒருவர் கையில் பாம்பைச் சுற்றிக்கொண்டு வீடியோ போட்டார். விவகாரம் வனத்துறை விசாரணை வரை போனது. அப்போது நிறையப் பேர் கூகுளில் தேடியது இதைத்தான்: பாம்பை வீட்டில் வளர்க்கலாமா, கூடாதா? லைசென்ஸ் வாங்கினால் போதுமா?

ஒரே வார்த்தையில் பதில் சொல்வது கஷ்டம். எந்தப் பாம்பு, எங்கிருந்து வந்தது, எவ்வளவு பெரிதாகும், அது சாகும்வரை யார் பார்த்துக்கொள்வது என்று நாலு கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. ரீல்ஸ் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். நாலாவதுதான் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது.

தோப்புக்கு வந்த பாம்பு: வாய்ப்பே இல்லை

முதலில் உள்ளூர்க்காரரை முடித்துவிடலாம். நம் பக்கம் தென்படுவது இந்திய மலைப்பாம்பு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு முதல் அட்டவணையில் இடம். புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். பிடிப்பது, அடைத்து வைப்பது, வாங்குவது, விற்பது எல்லாமே குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, கூடவே குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

'அடிபட்டுக் கிடந்துச்சு சார், காப்பாத்தத்தான் எடுத்து வெச்சேன்' என்று சொல்லலாம். நல்ல மனசுதான். ஆனால் சட்டப்படி அது அரசின் சொத்து. எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, வன அதிகாரியிடமோ சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்திருந்து இன்ஸ்டாவில் படம் போட்டால், அந்தப் படமே சாட்சி.

இன்னொன்று. தோப்பில் இருக்கும் மலைப்பாம்பு சும்மா இருப்பதில்லை. வயல் எலி, பெருச்சாளி, முயல், சில சமயம் காட்டுப்பன்றிக் குட்டி வரை விழுங்கும். பன்றி உழுதுபோட்ட வரப்பைப் பார்த்துத் தலையில் கைவைக்கும் விவசாயிக்கு இது சம்பளம் வாங்காத காவல்காரர். அவ்வப்போது ஒரு கோழியும் போகும் என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. பெண் பாம்பு முட்டையிட்டால் அவற்றைச் சுற்றிச் சுருண்டு, தசைகளைத் துடிக்கவைத்து, தன் உடம்பைச் சூடாக்கி முட்டைகளுக்குக் கதகதப்பு கொடுக்கும். பாம்பு உலகில் அபூர்வமான குணம் இது.

'இது ஃபாரின் பாம்பு ப்ரோ'

சரி, உள்ளூர்ப் பாம்பு வேண்டாம், வெளிநாட்டுப் பாம்பு வாங்கலாம் அல்லவா? விற்பவர்கள் பேச்சைத் தொடங்குவதே இங்கிருந்துதான்.

உலகில் 'ராட்சத' சைஸில் வளர்க்கப்படும் பாம்புகளில் முக்கியமானவை இரண்டு: பர்மீஸ் மலைப்பாம்பு, ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு. இரண்டாவது, உலகின் மிக நீளமான பாம்பு. பெயரைக் கேட்டால் ஃபாரின் சரக்கு மாதிரி இருக்கும். ஆனால் பர்மீஸ் மலைப்பாம்பு நம் வடகிழக்கு மாநிலங்களிலும், ரெட்டிகுலேட்டட் நிக்கோபார் தீவுகளிலும் இயற்கையாகவே வாழ்கின்றன. ஆக, இவை பாதுகாக்கப்பட்ட இந்திய வன உயிரினங்கள். 'ஃபாரின்' என்ற வாதம் இங்கே எடுபடாது. பெரிய பாம்புதான் வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு முதல் அடியே இங்கு விழுகிறது.

மிச்சம் இருப்பவை ஆப்பிரிக்காவின் பால் பைதான், ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு, தென் அமெரிக்காவின் போவா, அனகோண்டா போன்றவை. பால் பைதான் நாலு, ஐந்து அடியோடு நின்றுவிடும். மற்றவை நிற்காது. இவையெல்லாம் 'சைட்ஸ்' என்ற சர்வதேச வன உயிரின வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் வருபவை. 2022-இல் நம் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பட்டியலை நாலாவது அட்டவணையாகச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது.

அதற்கு முன்னால் இந்த ஏரியா கிட்டத்தட்ட ஆளில்லாத ரோடு. வீட்டில் வெளிநாட்டு விலங்கு வைத்திருந்தால் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது: வைத்திருப்பவர்கள் தாங்களாகவே முன்வந்து சொல்லுங்கள், குறித்த காலத்துக்குள் சொன்னால் 'எப்படி வந்தது' என்று ஆவணம் கேட்கமாட்டோம். நாடு முழுக்க 30,000-க்கும் மேற்பட்டோர் கைதூக்கினார்கள். இத்தனை வீடுகளில் இத்தனை விலங்குகளா என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு 2024 பிப்ரவரி 28-இல் புதிய பதிவு விதிகள் வந்தன. நாலாவது அட்டவணையில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாதம் அவகாசம். அது 2024 ஆகஸ்ட் 28-ஓடு முடிந்தது. இப்போது புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிவு. வேறு ஒருவருக்குக் கைமாற்றினால் சொல்ல வேண்டும். குட்டி போட்டால் சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்ல வேண்டும்.

ஆக, பதிவு செய்துவிட்டால் ஓகேவா? விண்ணப்பம் நிரப்புவது பெரிய விஷயமில்லை. பாம்பு எங்கிருந்து வந்தது என்ற இடத்தில்தான் சிக்கல். வெளிநாட்டு விலங்கைச் சட்டப்படி இறக்குமதி செய்ய, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம், சைட்ஸ் அனுமதி, விலங்குத் தனிமைப்படுத்தல் பரிசோதனை எல்லாம் தேவை. செல்போன் செயலியில் நம்பர் கொடுத்து, பார்சல் பாக்ஸில் பாம்பு அனுப்பும் ஆளிடம் இந்தக் காகிதங்களைக் கேட்டுப் பாருங்கள். 'பில் தர்றேன் ப்ரோ' என்பார். அந்த பில் கடைக்காரர் அடித்தது. பாம்பின் அப்பா அம்மா எப்படி இந்தியாவுக்குள் வந்தார்கள் என்று அதில் இருக்காது.

பேக்கைத் திறந்தால்

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்குச் சுங்கத் துறையின் கடந்த சில ஆண்டுச் செய்திக் குறிப்புகளைப் புரட்டினாலே போதும். 2023 ஜனவரி 11: பாங்காக்கிலிருந்து சென்னை வந்த விமானத்தில், யாரும் எடுக்காமல் கிடந்த இரண்டு பைகளில் 45 பால் பைதான்கள், 8 கார்ன் ஸ்னேக் பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள். அதே ஆண்டு ஏப்ரல் 28: கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். ஜூலை 30: தேனிக்காரர்களுக்கு ரொம்பத் தூரமில்லாத திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்தவரின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புக் குட்டிகள், 2 பல்லிகள். 2024 ஏப்ரலில் பெங்களூருவில் 10 மஞ்சள் அனகோண்டா.

இவை பிடிபட்டவை மட்டும். துணிப்பைக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் மூச்சுமுட்ட அடைக்கப்பட்டு, தண்ணீர்கூட இல்லாமல் வந்த குட்டிகள். பிடிபடாமல் வெளியே போனவைதான் ஏதோ ஓர் ஊரில் 'க்யூட் பேபி, ஈஸி டு ஹேண்டில்' என்று விளம்பரமாகின்றன. பாம்பு மேல் உண்மையான பிரியம் உள்ளவர் ஒருவர், தனக்குத் தெரியாமலேயே இந்தப் பெட்டிகளுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம்.

குட்டி வளரும், அதைவிட முக்கியமாக நாமும் வளர்வோம்

சட்டத்தை ஒரு பேச்சுக்கு ஒதுக்கி வைப்போம். கம்பத்தில் ஒரு வீட்டில் எல்லாக் காகிதமும் சரியாக உள்ள ஒரு பெரிய பாம்பு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சைஸ் கணக்குக்கு, வெளிநாடுகளில் அதிகம் வளர்க்கப்பட்ட பர்மீஸ் மலைப்பாம்பையே எடுத்துக்கொள்ளலாம்.

முட்டையிலிருந்து வரும்போது இரண்டு அடிகூட இருக்காது. பெருவிரல் தடிமன். கையில் சுற்றினால் வளையல். நன்றாகத் தீனி கிடைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் 10 அடியைத் தாண்டிவிடும். ஃபுளோரிடாவில் 2022-இல் அளந்து பதிவு செய்த ஒரு பெண் பாம்பின் எடை 98 கிலோ. 2023-இல் பிடிபட்ட இன்னொன்றின் நீளம் 19 அடி. கம்பத்தில் ஒரு சாதாரண பெட்ரூம் நீளம் எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்தால் மிச்சம் புரியும்.

இதற்குக் கண்ணாடித் தொட்டி பத்தாது, தனி அறையே வேண்டும். உள்ளே ஒரு மூலை 30 டிகிரிக்கு மேல், இன்னொரு மூலை கொஞ்சம் குளிராக, முழு உடம்பும் முங்குகிற அளவு தண்ணீர்த் தொட்டி, சரியான ஈரப்பதம். மார்கழி இரவில் கம்பத்தில் அடிக்கும் மலைக்காற்றுக்கு ஹீட்டர் தேவை. சித்திரை வெயிலில் கரண்ட் போனால், மூடிய அறையில் பாம்பு வெந்தே போகலாம். அதனால் வெயில் தாங்காத இடத்துக்கு நகரவும் முடியாது, கதவைத் திறந்துவைக்கவும் முடியாது.

சாப்பாடு? பெரிய பாம்புக்கு முயல், கோழி. வாரா வாரம் தேவையில்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை போதும். அமெரிக்காவில் உறையவைத்த எலி, முயல் பாக்கெட்டில் கிடைக்கிறது. கம்பம் உழவர் சந்தையில் அதைத் தேட முடியாது. உயிரோடு போட்டால், மூலையில் மாட்டிய எலி பாம்பையே கடித்துப் புண்ணாக்கும். இன்னொன்று, சுவாசக் கிருமி, உண்ணி, வாய்ப்புண் என்று பாம்புக்கும் நோய் வரும். தேனி மாவட்டத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது என்றாலும், மலைப்பாம்புக்கு ஊசி போட்டுப் பழகிய மருத்துவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்குத் தேட முடியாது.

இதெல்லாம் பணத்தால் சமாளிக்கக்கூடியவை. காலத்தைத்தான் சமாளிக்க முடியாது. பர்மீஸ் மலைப்பாம்பு 20 ஆண்டுக்கு மேல் வாழும். பால் பைதான் இன்னும் பொல்லாதது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 62 வயதைத் தாண்டிய ஒரு பெண் பால் பைதான், 2020-இல் முட்டையிட்டது. ஆண் துணையைப் பார்த்தே 15 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்ததாம்!

24 வயதில் பாம்பு வாங்கியவருக்கு 26-இல் பெங்களூருவில் வேலை கிடைக்கிறது. பாம்பு கம்பத்திலேயே. இப்போது அறைக்கதவைத் திறந்து முயல் போடுவது யார்? அம்மா. 29-இல் பெண் பார்க்கப் போகிறார்கள். 'மாப்பிள்ளை வீட்டில் ஒரு ரூம் பூட்டியே இருக்கே' என்று பெண் வீட்டார் கேட்கும் கேள்விக்கு என்ன பதில்? 31-இல் குழந்தை. அப்போது பாம்புக்கு 7 வயதுதான். இன்னும் பாதி வாழ்க்கைகூட ஆகவில்லை.

நாய் என்றால் சித்தப்பா வீட்டில் விடலாம். மாடு என்றால் சந்தைக்கு ஓட்டலாம். 14 அடிப் பாம்பை யார் எடுத்துக்கொள்வார்கள்?

அது நம்மை 'தெரிஞ்சுக்குமா'?

பாம்பு பிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கோபப்படலாம். மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது, பெரும்பாலான நேரம் சாதுவாகவே இருக்கும், வளர்த்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் உண்மை. குரைக்காது, கடிக்க ஓடிவராது, வாக்கிங் கூட்டிப்போகச் சொல்லாது.

ஆனால் அது நாயைப் போல ஓனரை அடையாளம் கண்டு பாசம் வைப்பதில்லை. முயல் வாசனை உள்ள கை, அதற்கு முயல்தான். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, போவா பாம்பு எலியை இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தது. மூச்சு நிற்பதால் இரை சாவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தார்கள். உண்மையில் சில நொடிகளிலேயே ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அதனால்தான் 8, 10 அடிக்கு மேல் உள்ள பாம்பைத் தனி ஆளாகக் கையாளவே கூடாது என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டாவது ஆள் வேடிக்கை பார்க்க இல்லை, வாலிலிருந்து சுருளைப் பிரித்துவிட.

2013 ஆகஸ்ட்டில் கனடாவின் கேம்ப்பெல்டன் என்ற ஊரில் நடந்ததைப் பாம்பு வளர்ப்பவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். ஊர்வனக் கடை ஒன்றின் மாடியிலிருந்த வீட்டில், நண்பனோடு தூங்க வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். வயது 6, 4. கூண்டிலிருந்த ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு காற்றோட்டக் குழாய் வழியாக ஏறி வந்து, கூரையிலிருந்து அவர்கள்மேல் விழுந்தது. இரண்டு பேரும் உயிரோடு இல்லை. தூளி கட்டித் தொங்கும் கூட்டுக்குடும்ப வீட்டில், பக்கத்து அறையில் பெரிய பாம்பு இருக்கலாமா என்பதை அந்த வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். வாங்குபவர் ஒருவர் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை இது.

சென்னேரியிலிருந்து ஃபுளோரிடா போன இரண்டு பேர்

வளர்க்க முடியாமல் போனவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் நடந்தது ஊரறிந்த கதை. அதில் ஒரு தமிழ்நாட்டு அத்தியாயமும் உண்டு.

ஃபுளோரிடா மாநிலத்தின் தெற்கே எவர்கிளேட்ஸ் என்ற பெரும் சதுப்புநிலம். ஆசியாவில் வாழும் பர்மீஸ் மலைப்பாம்புக்கு அங்கே வேலையே இல்லை. செல்லப்பிராணி வியாபாரம்தான் அதைக் கொண்டுபோனது. வளர்ந்து பெரிதானதும் சிலர் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஓரம் விட்டார்கள். சில தப்பின. 1992-இல் வீசிய ஆண்ட்ரூ புயல் ஒரு வளர்ப்புக் கூடத்தையும் பிய்த்துப்போட்டது. 2000 வாக்கில் அங்கே பாம்புகள் தாங்களாகவே இனப்பெருக்கம் செய்கின்றன என்பது உறுதியானது.

விளைவு? 2012-இல் வெளிவந்த ஆய்வு, எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் சாலையோரம் கண்ணில்படும் பாலூட்டிகளை எண்ணிப் பழைய கணக்கோடு ஒப்பிட்டது. ரக்கூன் 99.3 சதவீதம் குறைவு. ஓபோசம் 98.9 சதவீதம். பாப்கேட் என்ற காட்டுப்பூனை 87.5 சதவீதம். அதே ஆண்டு அமெரிக்க அரசு இந்தப் பாம்பின் இறக்குமதிக்குத் தடை போட்டது. வீடு பற்றி எரிந்தபின் கதவைப் பூட்டியது போல.

பிடிப்பதும் லேசில்லை. 2016-இல் நடந்த பாம்பு வேட்டைப் போட்டியில் 1,000 பேருக்கு மேல் இறங்கி, ஒரு மாதத்தில் 106 பாம்புகளைத்தான் பிடித்தார்கள். புல்லுக்குள் அவ்வளவு மறைவாகக் கிடக்கும்.

அப்போதுதான் 2017 ஜனவரியில் செங்கல்பட்டு பக்கம் சென்னேரியைச் சேர்ந்த இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் ஃபுளோரிடா வன உயிரினத் துறையும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் கூட்டிப்போயின. இருவருக்கும் தலைமுறை தலைமுறையாக வந்த கைத்தொழில். மற்றவர்கள் காரில் ரோட்டோரம் ரோந்து போக, இவர்கள் புதருக்குள் இறங்கி, எச்சம், தடம், வெயில் காயும் இடம் என்று அடையாளம் படித்து நடந்தார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 13 பாம்புகள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள்ளிருந்து 16 அடி பெண் பாம்பு ஒன்று. இந்தத் திட்டத்துக்கு அந்த மாநிலம் செலவிட்டது 68,888 டாலர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்கள் போனதால் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. 2000-லிருந்து ஃபுளோரிடாவில் 23,000-க்கும் அதிகமான பர்மீஸ் மலைப்பாம்புகளை அகற்றிவிட்டார்கள். இன்னும் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சுருளிப் பக்கம் ஒன்று தப்பினால்?

ஃபுளோரிடாவை ஏன் கம்பத்தோடு ஒப்பிட வேண்டும்? பெரிய மலைப்பாம்புக்கு வேண்டியது மூன்று: சூடு, தண்ணீர், எலி. முல்லைப் பெரியாறு தண்ணீர் ஓடும் இந்தப் பள்ளத்தாக்கில் மூன்றும் தாராளம். நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் என்று ஒளிய இடமும் உண்டு. ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். தப்பியது ஆப்பிரிக்கப் பாம்பா, தென் அமெரிக்கப் பாம்பா என்று பெருச்சாளி பார்க்கப்போவதில்லை.

அதைவிடக் கவலை, ஏற்கனவே இங்கே இருக்கும் நம் மலைப்பாம்புக்கு. ஃபுளோரிடாவில் பிடிபட்ட பர்மீஸ் பாம்புகளின் மரபணுவைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சிலவற்றில் இந்திய மலைப்பாம்பின் கலப்பும் தெரிந்தது. அதாவது இரண்டும் கூடிக் குட்டி போடக்கூடியவை. இன்னொன்று, ஆசியப் பாம்புகளோடு போன நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று இப்போது ஃபுளோரிடாவின் உள்ளூர்ப் பாம்புகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. இதே பயணம் எதிர்த்திசையிலும் நடக்கலாம். விமானப் பெட்டியில் வந்த ஒரு நோயாளிப் பாம்பு, சுருளிப் பக்கம் ராத்திரி இறக்கிவிடப்பட்டால் போதும்.

இந்தக் கவலை சட்டத்திலும் ஏறியிருக்கிறது. நம் வன உயிரினங்களுக்கு ஆபத்தான அயல் உயிரினங்களின் இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தவோ தடைசெய்யவோ மத்திய அரசுக்கு 2022 திருத்தம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. இன்று பதிவு செய்து வைத்திருக்கும் இனம் நாளை அந்தப் பட்டியலில் வரலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இடம் மாறிய விலங்கு என்ன செய்யும் என்பதைக் கம்பம்காரர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை ஊருக்குள் நடந்த அன்று 144 தடை போட்டு வீட்டுக்குள் இருந்தது ஞாபகம் இருக்கும். யானையாவது கண்ணுக்குத் தெரிந்தது.

பாம்பு பிடிக்கும், ஆனா...

இவ்வளவும் படித்த பிறகும் பாம்பின் மேல் ஆசை போகவில்லை என்றால் அதில் தப்பே இல்லை. ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பெயர் இங்கே வந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் பிறந்து சிறுவயதில் இந்தியா வந்தவர். பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற கொடைக்கானல் மலையில் பள்ளிக்கூடம் படித்தார். விடுதியில் மலைப்பாம்பு வளர்த்த பையன் அவர். 1950-களில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

அந்த ஆசை அவரைப் பாம்பு சேர்ப்பவராக மாற்றவில்லை. சென்னைப் பாம்புப் பண்ணை, 1976-இல் மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணை, பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது வேலை இழந்த இருளர்களோடு சேர்ந்து 1978-இல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் என்று அவர் வாழ்க்கை வேறு பக்கம் போனது. இன்று இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாராவதில் அந்தச் சங்கத்தின் விஷத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபுளோரிடா போன இருவரும் அந்தச் சங்க வட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். பாம்பைப் பார்க்க, படிக்க ஆசையுள்ள தேனி இளைஞருக்குக் கிண்டிப் பாம்புப் பண்ணையும் முதலைப் பண்ணையும் ஒரு ராத்திரி பஸ் தூரம்.

ஏற்கனவே வீட்டில் இருந்தால்?

இந்தக் கேள்வியோடு படித்துக்கொண்டிருப்பவர்களும் இருப்பார்கள். 'பிரைஸ்?' என்று கமெண்ட் போட்டு, வாங்கி, இப்போது அது 6 அடி ஆகிவிட்டது.

ஃபுளோரிடாவில் 2006 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. வளர்க்க முடியாத வெளிநாட்டுப் பிராணியைக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை, அபராதம் இல்லை, வேறு வளர்ப்பாளரிடம் சேர்த்துவிடுவார்கள். ரொம்பத் தாமதமாக வந்த புத்தி என்றாலும் உருப்படியான புத்தி. இங்கே 2020-இல் கிடைத்த சலுகை 'சொல்லிவிட்டு வைத்துக்கொள்' என்ற வகை. 'கொடுத்துவிட்டுப் போ' என்பதற்கு அது வழி சொல்லவில்லை. பயத்தில் பாம்பை வாய்க்காலில் விடுவதைத் தடுக்க வேண்டுமானால், அந்த வழியைத் திறப்பதும் அரசின் வேலைதான்.

அதுவரை? இருட்டியதும் சாக்கில் கட்டி வைகை ஓரமோ சுருளியிலோ விடுவது மட்டும் வேண்டாம். பாம்புக்கும் சாவு, காட்டுக்கும் கேடு, சட்டத்தில் இன்னொரு குற்றம். அடுத்தவருக்கு விற்பதும் கூடாது. பாம்பைப் பத்திரமாகப் பூட்டி வைத்து, வாங்கியபோது நடந்த சாட், பணம் அனுப்பிய ரசீது, வளர்த்த படங்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு, முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. பிறகு அவரோடு தேனி மாவட்ட வன அலுவலகத்துக்கு.